பனை ஓலையில் ஒரு நட்சத்திரம்

டிசம்பர் பிறந்துவிட்டால் பாளையங்கோட்டையின் அழகே தனி. 1826-இல் திறந்த ஊசிக்கோபுரக் கோயிலைச் சுற்றி வாசலுக்கு வாசல் நட்சத்திரம் தொங்கும். ஆனால் பெரும்பாலும் கடையில் வாங்கிய பிளாஸ்டிக்! பனை நிற்கிற சீமையில் இது எதற்கு?

திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாடு போய்ப் பாருங்கள். (1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகிவிட்டது, நமக்கென்னவோ அதுவும் நெல்லைச் சீமைதான்.) கடலோர மேட்டில் சிலுவைக் கோயில். ஊருக்குள் பெண்கள் ஓலையில் பெட்டியும் கூடையும் முடைகிறார்கள். சாயம் தோய்த்த ஓலையின் சிவப்பும் பச்சையும் கண்ணைப் பறிக்கும்.

"ஓலையை நனைச்சிக்கிடணும்மா. காஞ்சத மடக்குனா ஒடிஞ்சி போவும்" என்றார் ஓர் ஆச்சி.

நட்சத்திரம் சுலபம். குருத்தோலையை வெயிலில் வெளுக்கும்வரை காயவைத்து, ஈர்க்கை நீக்கி, அரை அங்குல அகலத்தில் ஒரே நீளமாக ஐந்து கீற்று கிழியுங்கள். ஈரத்துணியில் சுற்றிவைத்து எடுத்து, குழந்தைகள் கையெடுக்காமல் போடும் நட்சத்திரம் மாதிரி அடுக்குங்கள். குறுக்கிடும் இடங்களில் ஒன்று மேல், ஒன்று கீழ். ஐந்து முனையையும் நூலால் கட்டினால் தீர்ந்தது. அருகே மெழுகுவத்தி மட்டும் வேண்டவே வேண்டாம். காய்ந்த ஓலை குப்பென்று பற்றிக்கொள்ளும்.

பனையேறுகிறவர்கள் குறைந்துவிட்டதால் குருத்தோலை கிடைப்பதுதான் சிரமம். கிடைக்காதவர்கள் மணப்பாட்டுப் பெண்கள் முடைந்ததையே வாங்கலாம். அவர்கள் கையிலும் பண்டிகைக்கு நாலு காசு சேரும்.

பண்டிகை முடிந்ததும் நட்சத்திரத்தை நன்றாக உலர்த்திக் காகிதத்தில் சுற்றிப் பரணில் போடுங்கள். ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும்.