எந்தப் பக்கம் கேட்கிறது?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

காது கேட்பதற்கு என்று மட்டும்தான் இருபது வயது வரை எண்ணியிருந்தேன். கேட்பது வேறு, எங்கிருந்து கேட்கிறது என்று அறிவது வேறு என்பதை எனக்குக் கற்றுத் தந்தது பாடப்புத்தகம் அன்று, ஒரு விளையாட்டு! சிரிக்க வேண்டா நண்பர்களே. விளையாட்டாகத் தொடங்கியதுதான். விளையாட்டாக முடியவில்லை.

எங்கள் ஊர் பள்ளிபாளையம். காவிரிக்கு அக்கரையில் ஈரோடு. என் நண்பன் ஒருவன் வீட்டில் கணிப்பொறி உண்டு. விடுமுறை நாள்களில் அங்கே நாங்கள் நால்வர் கூடுவோம். ‘வேலரன்ட்’ என்றொரு விளையாட்டு. 2020-இல் வெளிவந்தது. ஐவர் ஓரணி, எதிரே ஐவர். சுவருக்குப் பின்னே எதிரி நடந்தால் அவன் காலடி ஓசை கேட்கும். ஓசை வரும் திசையை அறிந்து திரும்பினால் பிழைக்கலாம், திரும்பாவிட்டால் போயிற்று! நான் எப்போதும் போகிறவன். என் பின்னால் யார் வந்தாலும் எனக்குத் தெரியாது.

“டேய், பின்னால வர்றான்டா! காத எங்கடா வெச்சுட்டு வந்த?” என்பான் நண்பன்.

மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் உள்ளே வலிக்கும். என் காதில் இருந்தது தெருவோரக் கடையில் 150 ரூபாய்க்கு வாங்கிய சிறு இயர்போன். அதில் ஒரு பக்கம் கேட்டால் மறுபக்கம் கேட்காது. நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கியே தீருவது என்று உறுதி பூண்டேன்.

உறுதி பூணுவது எளிது, பணம்? அரையாண்டு விடுமுறையில் அப்பா வேலை பார்க்கும் தறிப்பட்டறையிலேயே தார் சுற்றினேன். பதினெட்டு நாள் உழைத்து, வீட்டுக்குக் கொடுத்ததுபோக 2,200 ரூபாய் மிஞ்சியது. அதை எடுத்துக்கொண்டு பேருந்து ஏறி ஈரோட்டுக் கடைவீதியில் இறங்கினேன்.

கடைக்காரர் ஒரு பெரிய பெட்டியை எடுத்து வைத்தார். பெட்டியின் மேல் ‘7.1’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. “ஏழு பக்கமும் கேக்கும் தம்பி” என்றார். காதுப் பகுதியில் சிவப்பும் நீலமுமாய் விளக்கு எரிந்தது. விளக்கைப் பார்த்து வாங்கினேன் என்று சொல்ல இன்று வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை.

நண்பன் வீட்டில் கொண்டுபோய்ச் செருகினோம். முதல் தொல்லை அங்கேயே தொடங்கியது. எங்கள் குரல் எவருக்கும் எட்டவில்லை. காரணம் பிறகுதான் விளங்கிற்று. ஹெட்போனின் 3.5 மில்லிமீட்டர் முனையில் மூன்று கறுப்பு வளையங்கள். அவை முனையை நான்கு பகுதியாகப் பிரிக்கின்றன. இடக்காது, வலக்காது, பொதுத் தரை, மைக் என நான்கும் ஒரே முனையில். கைப்பேசிக்கும் புதிய மடிக்கணினிக்கும் இது பொருந்தும். மேசைக் கணிப்பொறியிலோ பச்சைத் துளை கேட்பதற்கு, இளஞ்சிவப்புத் துளை பேசுவதற்கு. ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஒய் வடிவ இணைப்புக் கம்பி 80 ரூபாய்க்குக் கிடைத்தது. பேச்சுத் தொல்லை தீர்ந்தது.

இரண்டாவது தொல்லை அதைவிடப் பெரியது. ஏழு பக்கமும் எங்கே? சாதாரணமாகத்தான் கேட்டது. பெட்டியைத் துழாவினால் உள்ளே விரல் நீளத்தில் ஒரு யூஎஸ்பி துண்டு. அதன் வழியே செருகினால்தான் அந்த ‘7.1’ வேலை செய்யுமாம். செருகினோம். பொத்தானை அழுத்தினோம். விளையாட்டின் ஒலி அமைப்பிலும் ‘எச்.ஆர்.டி.எஃப்.’ என்று ஒன்று இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அதையும் இயக்கினோம். ஐயோ! கிணற்றுக்குள் தலையை விட்டதுபோல் ஆயிற்று. காலடி ஓசை எட்டுத் திக்கிலும் எதிரொலித்தது. முன்னைவிட விரைவாகச் செத்தேன். பதினெட்டு நாள் தார் சுற்றிய கூலி என் தலையில் விளக்கெரிந்துகொண்டிருந்தது!

மறுநாள் எங்கள் ஒலியியல் ஆசிரியரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். ‘படிக்கிற வயதில் விளையாட்டா?’ என்பார் என்று அஞ்சினேன். அவரோ சுண்ணக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டார். இருபுறமும் இரு காது வரைந்தார்.

“உனக்குக் காது எத்தனை?”

“இரண்டு, ஐயா.”

“இரண்டு காதால் உலகில் எல்லாத் திசையையும் அறிகிறாயே, எப்படி?”

நான் விழித்தேன். அவர் விளக்கினார். ஒலி ஒரு வினாடியில் ஏறக்குறைய 343 மீட்டர் செல்கிறது. வலப்புறம் எழும் ஓசை முதலில் வலக்காதை அடைந்து, தலையைச் சுற்றிக்கொண்டு இடக்காதை அடைகிறது. இடைவெளி மிகுந்தால் ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். அந்த நுண்ணிய வேறுபாட்டை மூளை அளந்துவிடுகிறது! அதிர்வெண் குறைந்த ஓசைகளுக்குக் கால வேறுபாடு. அதிர்வெண் மிகுந்தவற்றுக்குத் தலை நிழல்போல் மறைப்பதால் வரும் உரப்பு வேறுபாடு. இதை ராலே பிரபு 1907-லேயே எழுதிவிட்டார்.

“அப்படியானால் நேர் முன்னாலும் நேர் பின்னாலும் எழும் ஓசை இரு காதையும் ஒரே நேரத்தில்தானே அடையும்? எதைக் கொண்டு பிரித்தறிகிறோம்?” என்று கேட்டேன்.

ஆசிரியர் முகம் மலர்ந்தது. “அதற்குத்தான் இந்த மடல்” என்று தம் காதைப் பிடித்துக் காட்டினார். காது மடலின் மேடுபள்ளங்கள், முன்னிருந்து வரும் ஒலியை ஒரு விதமாகவும் பின்னிருந்து வருவதை வேறு விதமாகவும் வடிகட்டுகின்றன. அந்த வேறுபாடு பெரிதும் உயர் அதிர்வெண்களில்தான் இருக்கிறது. இந்த வடிகட்டலைக் கணக்காக்கி ஒலியில் ஏற்றுவதற்குப் பெயர்தான் எச்.ஆர்.டி.எஃப்.

எனக்குப் பளிச்சென்று விளங்கியது. பெட்டியில் 7.1 என்று எழுதியிருந்தாலும் இத்தகைய ஹெட்போன்களில் பெரும்பாலும் காதுக்கு ஒன்றாக இரண்டே ஒலிபெருக்கிகள். ஏழு திசையும் ஒரு தாழொலியும் கணக்கால் காட்டப்படுபவை. அந்தக் கணக்கை விளையாட்டே போடுகிறது என்றால், யூஎஸ்பி துண்டு மறுபடியும் போடக் கூடாது. விண்டோஸில் உள்ள ‘ஸ்பேஷியல் சவுண்ட்’ வசதியும் போடக் கூடாது. வடித்த சோற்றை மறுபடி வடித்தால் குழையத்தானே செய்யும்? ஒரே ஓரிடத்தில் கணக்குப் போட வேண்டும்; மற்ற இரண்டையும் நிறுத்தி, கணிப்பொறியில் சாதாரண ‘ஸ்டீரியோ’ என்று வைக்க வேண்டும். விளையாட்டில் அந்த வசதி இல்லாதபோதுதான் மற்றவற்றுக்கு வேலை.

அன்று மாலை அவ்வாறே செய்தோம். ‘எல்’ இடக்காதில், ‘ஆர்’ வலக்காதில் இருக்கிறதா என்று பார்த்து மாட்டினேன். ஓர் அறைக்குள் நின்றேன். பின்னால் காலடி! திடுக்கிட்டு, திரையில் அன்று, நாற்காலியிலேயே திரும்பிப் பார்த்துவிட்டேன். நண்பன் வீட்டுக் கதவு சாத்தித்தான் இருந்தது! அன்று நான் பிழைத்தேன். அதன்பின் என் காதை எவரும் ஏளனம் செய்யவில்லை.

வாங்கப் போகும் நண்பர்களுக்கு இங்கே சில சொற்கள். 7.1 என்ற எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டா. நல்ல ஸ்டீரியோ ஹெட்போன் போதும். விடுதியில் பலரோடு இருப்பவர்க்குக் காதை மூடிய வகை. தனியறை உள்ளவர்க்குப் பின்புறம் திறந்த வகை விரிவாகக் கேட்கும். மின்தடை 32 ஓம் அளவில் இருந்தால் கைப்பேசியும் கணிப்பொறியும் எளிதில் இயக்கும். 250, 300 ஓம் என்றால் தனிப் பெருக்கி தேவைப்படலாம். புளூடூத்தில் ஓசை சற்றுத் தாமதித்து வரும்; மைக்கையும் இயக்கினால் பலவற்றில் ஒலித்தரம் தாழ்ந்து, திசையும் போய்விடும். விளையாட்டுக்குக் கம்பியே நம்பகமானது. விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டா. தலையில் மாட்டியபின் அது நம் கண்ணுக்குத் தெரியாது!

இத்தோடு கட்டுரை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா திண்ணையில் அமர்ந்திருந்தார். அவர் மகன் தார் சுற்றிய காசில் வாங்கிய பொருளை அவரும் ஒரு முறை கேட்கட்டுமே என்று ஆசை. தலையைச் சுற்றி நடந்தபடி ஒருவர் கைதட்டுவதுபோன்ற ஒலிப்பதிவு ஒன்று என் கைப்பேசியில் இருந்தது. ஹெட்போனை அவர் தலையில் மாட்டினேன்.

“அப்பா, எந்தப் பக்கம் கேக்குதுங்க?”

“என்னமோ கேக்குது கண்ணு.”

“முன்னாலயா, பின்னாலயா?”

அவர் வெகுநேரம் யோசித்தார். பிறகு ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, “எனக்கு எல்லாம் ஒரே எடத்துலதான் கேக்குது” என்றார். தேர்வில் தவறிய மாணவனைப்போல் அவர் முகம் இருந்தது.

அப்பா இருபத்தாறு ஆண்டாகத் தறி ஓட்டுகிறார். பட்டறையில் பேச்சே கிடையாது, எல்லாம் கைச்சாடைதான். வீட்டில் அவர் உரக்கப் பேசுவது கோபத்தால் என்று சிறுவயதில் அஞ்சியிருக்கிறேன். சென்ற ஆண்டு சாலையில் பின்னால் வந்த சரக்குந்து ஒலியெழுப்பியும் அவர் விலகவில்லை, மயிரிழையில் தப்பினார். அன்று அம்மாவும் நானும் அவரை என்ன சொன்னோம் தெரியுமா? “காத எங்க வெச்சுட்டுப் போனீங்க?” என்றோம். என் நண்பன் என்னைக் கேட்ட அதே கேள்வி! அவன் கேட்டபோது எனக்கு வலித்தது. நான் கேட்டபோது அவருக்கு வலித்திருக்குமே என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆசிரியரிடம் ஓடினேன். “ஹெட்போனை வைத்து முடிவு கட்டாதே. அந்தக் கணக்கு ஒரு பொதுக்காதுக்குப் போட்டது. நல்ல காது உள்ளவர்க்கே முன்பின் மாறிக் கேட்பதுண்டு. மருத்துவரிடம் அழைத்துப் போ” என்றார். அரசு மருத்துவமனையில் காதுச் சோதனை செய்தார்கள். தாளில் ஒரு கோடு. தாழ்ந்த அதிர்வெண்களில் ஓரளவு சமமாகச் சென்ற கோடு, 4,000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளத்தில் விழுந்தது. இரண்டு காதிலும் அப்படியே. நெடுநாள் இரைச்சல் கெடுத்த காதுக்கு அந்தப் பள்ளம்தான் அடையாளமாம். உட்காதில் உள்ள நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. இருப்பதைக் காப்பதே வழி என்றார் மருத்துவர். முன்னையும் பின்னையும் பிரித்துக் காட்டும் உயர் அதிர்வெண்கள் அப்பாவிடமிருந்து தறிக்கு ஊடையாகப் போய்விட்டன.

என் தொல்லை, அமைப்பில் ஒரு குறியை நீக்கியதும் தீர்ந்தது. அவருக்கு அப்படி நீக்க ஒரு குறி இல்லை.

பட்டறையில் என் கைப்பேசிச் செயலியால் இரைச்சலை அளந்து பார்த்தேன். துல்லியமான கருவி அன்று. எனினும் எண் 95 டெசிபெலை ஒட்டியே ஆடியது. நாம் விரும்பிக் கேட்கும் ஒலிக்கே உலக நலவாழ்வு நிறுவனம் வாரத்துக்கு 80 டெசிபெலில் 40 மணி நேரம், 90 டெசிபெலில் 4 மணி நேரம் என்று எல்லை வகுத்திருக்கிறது. அப்பா ஒரு முற்பகலில் அதைக் கடந்துவிடுகிறார்.

மருத்துவர் சொன்ன நுரை அடைப்பான்களை வாங்கி வந்தேன். அப்பா மறுத்தார். “நூல் அறுந்தா சத்தம் மாறும் கண்ணு. காத அடைச்சுட்டா எனக்குத் தறி எப்படிப் பேசும்?” என்றார். நான் காலடி ஓசைக்குக் காது கொடுத்ததுபோல் அவர் இருபத்தாறு ஆண்டாக ஒரு நூலுக்குக் காது கொடுத்திருக்கிறார். என்னிடம் மறுமொழி இல்லை. அம்மாதான் ஒன்றும் பேசாமல் சோற்றுப் பாத்திரத்தோடு அடைப்பானையும் வைத்து அனுப்பினார். இப்போது முற்பகலில் வைத்துக்கொள்கிறார், பிற்பகலில் எடுத்துவிடுகிறார். பாதி வெற்றி!

என் ஹெட்போனின் ஒலியளவைப் பாதிக்குக் கீழே வைத்திருக்கிறேன். காலடி ஓசை அதிலும் கேட்கிறது. திசை அறிய உரப்பு வேண்டியதில்லை, தெளிவு போதும். நண்பர்களே, நீங்களும் குறைத்து வையுங்கள். வள்ளுவர் கேள்விக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். கேட்கக் காது இருந்தால்தானே அந்தச் செல்வம் சேரும்?

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் நான். படித்து என்ன கண்டாய் என்று உறவினர் கேட்பார்கள். இதுவரை கண்டது ஒன்று சொல்வேன். இப்போது அப்பாவை நாங்கள் பின்னாலிருந்து அழைப்பதில்லை. எதிரே போய் நின்று, அவர் நிமிர்ந்து பார்த்தபின் பேசுகிறோம். சாலையில் நடக்கும்போது வண்டிகள் வரும் பக்கம் நான் நடக்கிறேன். பின்னால் வருவதை அவருக்காக நான் கேட்கிறேன்.