பெரியப்பாவின் தகரப்பெட்டி

நீர்வேலியில் பெரியப்பாவின் வீட்டு முற்றத்தில் இன்றும் ஓர் ஒஸ்ரின் ஏ-40 சமர்செட் நிற்கிறது. 1952 முதல் 1954 வரை மட்டுமே உற்பத்தியான வாகனம் அது. யாழ்ப்பாணத்தவருக்கு அதனை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்ற வாசகர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடி, குடாநாட்டின் கலியாணங்களையும் செத்தவீடுகளையும் பிரசவங்களையும் சுமந்தவை இந்த ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும்தாம்.

கடந்த தை மாதம் ஊருக்குப் போயிருந்தேன். மாரி மழையில் முன் மட்காட்டின் ஓரம் துருவேறிப் பூச்சுக் கொப்புளித்திருந்தது. பெரியப்பா இப்போது இல்லை. அவருடைய மகன், அயலிலுள்ள கராஜ் ஒன்றில் வேலை பழகும் பொடியனை அழைத்து வந்திருந்தான். நான் தேநீருடன் விறாந்தையில் இருந்தேன். சற்று நேரத்தில் முற்றத்தில் சாம்பல் நிறத் தூசி எழுந்தது. பொடியன் பழைய பூச்சை உலர்வாகவே தேய்த்துக்கொண்டிருந்தான். மூக்கை மறைக்க ஒரு துணிகூட இல்லை.

"ஏன் தம்பி, தண்ணி போட்டுத் தேய்க்கேல்லையோ?"

"தண்ணி பட்டால் இந்தத் தாள் பிஞ்சுபோகுது ஐயா."

அவன் சொன்னது பொய்யன்று. கொண்டுவந்த தாள்களை எடுத்துப் பார்த்தேன். தமிழகத்தார் உப்புத்தாள் என்று சொல்லும், மரவேலைக்கான மஞ்சள் தாள் பாதி. நனைத்துத் தேய்ப்பதற்கான கறுப்புத் தாள், அதாவது வோட்டர் பேப்பர், மீதிப் பாதி. முன்னையதன் முதுகு வெறுங்கடதாசி. அதன் பசையும் நீரைத் தாங்காது. பின்னையது மாரி முழுவதும் சீமெந்துத் தரையில் கிடந்து ஈரத்தை உறிஞ்சி, வெற்றிலைச் சுருள் போலச் சுருண்டிருந்தது. சுருண்ட தாள் பரப்பால் படியாது, ஓரத்தால்தான் தொடும். அந்த ஓரம் கீறும். கீறுவதைக் கண்ட பொடியன் மஞ்சள் தாளுக்கு மாறினான். மஞ்சள் தாள் பிய்ந்ததும் நீரைக் கைவிட்டான். சேமிப்பில் நேர்ந்த பிழை அவனுடைய நெஞ்சுக்குள் போய்க்கொண்டிருந்தது.

ஏனெனில் 1950களின் மோட்டார்ப் பூச்சுகளில் ஈயம் கலப்பது வழக்கம். அக்காலத் தகர வேலையில் மூட்டுகளை நிரப்பவும் ஈயமே பயன்பட்டது. இந்தக் கறுப்புத் தாளின் வரலாற்றிலும் அந்தத் தூசிக்கு ஓர் இடமுண்டு. பிலடெல்பியாவில் மை தயாரிப்பாளராக இருந்த பிரான்சிஸ் ஓக்கி என்பவர் நீரைத் தாங்கும் தேய்ப்புத்தாளை உருவாக்கினார். அமெரிக்காவின் 3எம் நிறுவனம் 1921இல் அதனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பூச்சு வேலைத் தலங்களில் தூசி அடங்கியது அதன் பெரும் பயன். இதே தாளைப் பரிசோதிக்கக் கராஜ்களுக்குப் போய்வந்த ரிச்சர்ட் ட்ரூ என்ற இளைஞர், இரு வண்ணம் பூசுவோர் படும் பாட்டைக் கண்டு 1925இல் ஒட்டுநாடாவைக் கண்டுபிடித்தார் என்பது உபகதை.

பெரியப்பா பூச்சு வேலையில் வல்லவர். தடைக் காலத்தில் கறுப்புத் தாள் கிடைப்பது அரிது. கிடைக்காத மாதங்களில் அவரும் உலர்வாகத்தான் தேய்த்தார். கடைசி ஆண்டுகளில் விடாமல் இருமினார். அதற்கு இந்தத் தூசிதான் காரணம் என்று எந்த வைத்தியரும் எழுதித் தரவில்லை; நானும் எழுதமாட்டேன். ஆனால் அந்த முற்றத்தில் அதே வாகனத்திலிருந்து அதே தூசி எழுந்தபோது என்னால் இருக்கையில் இருக்க முடியவில்லை.

வேலையை நிறுத்தச் சொல்லி, ஈரச் சீலையால் தூசியைத் துடைக்கச் செய்து, கோப்பாய்ப் பக்கம் கடைக்கு அனுப்பினேன். என்ன வாங்குவது என்பதையும் சொல்லியனுப்பினேன். முதுகில் நீர்த்தாங்கும் வகை என்று அச்சிட்டிருக்க வேண்டும். எண் கூடக்கூடத் துகள் நுண்மையாகும். அடிப்பூச்சைச் சமன்படுத்த 320, நிறம் பூசுமுன் 400 அல்லது 600, எல்லாம் முடிந்தபின் மினுக்க 1500, 2000. எண்ணுக்கு முன் 'பி' என்ற எழுத்து உண்டா என்பதையும் பார்க்கவேண்டும். அது ஐரோப்பிய அளவை. 'பி 800' என்பது பழைய அமெரிக்க அளவையில் ஏறத்தாழ 400தான். இரண்டையும் கலந்து வாங்கியவர்கள் ஏன் கீறல் போகவில்லை என்று தலையைச் சொறிவதைக் கண்டிருக்கிறேன். பள்ளம் நிரப்பும் பட்டியை மட்டும் நீரால் தேய்க்கக் கூடாது. அது நீரை உறிஞ்சி அடித் தகட்டைத் துருவேற்றும். அங்கே முகமூடிதான் வழி.

அவன் போனபின் பெரியப்பாவின் பிஸ்கட் தகரப்பெட்டி நினைவுக்கு வந்தது. தம்பி அதனை அலுமாரியின் மேல் தட்டிலிருந்து எடுத்துத் தந்தான். திறந்தால் உள்ளே ஐந்தாறு கறுப்புத் தாள்கள், தட்டையாக, சுருளாமல். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு பத்திரிகைத் தாள். அச்சுத் தாள் இல்லாமல், கோடு போட்ட கொப்பித் தாளிலும் வண்ணத் தாளிலும் யாழ்ப்பாணத்து நாளிதழ்கள் வெளிவந்த காலத்துத் தாள்கள். அச்சகத்தில் கழிந்தவற்றை நான்தான் அவருக்குக் கொண்டுவந்து கொடுப்பேன். முரட்டுத் தாளின் முகம் நுண்ணிய தாளின் முகத்தில் படக்கூடாது என்பார். 180இலிருந்து உதிர்ந்த ஒரேயொரு துகள் 1000இல் ஒட்டினால் போதும், ஒரு கதவின் வேலை பாழ். பயன்படுத்திய தாளைக் கழுவி, நிழலில் தட்டையாக உலர்த்தித்தான் உள்ளே வைப்பார். நிலத்தில் விழுந்த தாளைத் திரும்ப எடுக்கமாட்டார். நீர்வேலிச் செம்மண்ணிலும் மணல் உண்டல்லவா? 1995 ஐப்பசியில் ஊரைவிட்டு ஓடியபோது இந்தப் பெட்டியும் ஒஸ்ரினில் வந்தது. பெரியம்மா அதற்காக அவரை ஏசியதும் நினைவிருக்கிறது.

பொடியன் திரும்பியதும் புதிய தாள்களுடன் பழையதில் ஒன்றையும் வாளியில் ஊறவிட்டோம். கால் மணி நேரம். முப்பது ஆண்டுகள் கடந்த தாள் பிய்யவில்லை. இறப்பர்க் கட்டையில் சுற்றி, ஒரு துளி சவர்க்காரம் விட்டு அவன் தேய்க்கத் தொடங்கினான். தூசி எழவில்லை, பால் போன்ற குழம்பு வழிந்தது. எங்கள் கிணற்று நீர் சுண்ணக்கல் நீர், காயவிட்டால் வெள்ளை படியும். எனவே உடனுக்குடன் துடைக்கச் சொன்னேன். அந்தக் குழம்பைக் கிணற்றடியிலோ வாழைப் பாத்தியிலோ ஊற்றவும் விடவில்லை. சுண்ணக்கற் பாறை ஊற்றியதையெல்லாம் கிணற்றுக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். பழைய சீலையில் ஒற்றி, ஒரு ரின்னில் அடைத்துவைத்தோம்.

மாலையில் அவன் கேட்டான்.

"ஐயா, இந்தப் பெட்டியை நான் கொண்டுபோகட்டோ?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். இடையிலிருந்த பத்திரிகைத் தாள்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றுக்குப் பதிலாக அன்றைய பத்திரிகையைக் கிழித்து வைத்துக் கொடுத்தேன்.