விழுந்து எழுந்த விமானம்



என் அப்பா சைக்கிள் கடை வைத்திருக்கிறார். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். மூன்றாவது செமஸ்டரில் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ், மெஷின் டிராயிங் இரண்டிலும் அரியர். 'படிப்பு வேணாம், கடைக்கே வந்துடுறேன்' என்று சொல்லிவிட முடிவு செய்திருந்தேன்.

அந்த வாரம்தான் நூலகத்தில் மனித சக்தி விமானம் பற்றிப் படித்தேன். எஞ்சின் கிடையாது. காலால் மிதித்தே பறந்து, அரை மைல் இடைவெளியில் உள்ள இரு கம்பங்களைச் சுற்றி '8' போட வேண்டும். ஹென்றி கிரெமர் என்ற தொழிலதிபர் 1959-ல் இதற்குப் பரிசு அறிவித்தார். 18 வருடம் யாராலும் வாங்க முடியவில்லை. அதாவது என் வயசு!

நல்ல சைக்கிள் வீரர் தொடர்ந்து மிதித்தாலும் கிடைப்பது சுமார் மூன்றில் ஒரு குதிரைத்திறன்தான். அமெரிக்கப் பொறியாளர் பால் மெக்ரெடி யோசித்தார்: எடையைக் கூட்டாமல் இறக்கையைப் பெரிதாக்கினால் மெதுவாகப் பறக்கலாம், அதற்குக் குறைந்த சக்தி போதும். அவருடைய 'காசமர் காண்டர்' இறக்கை 96 அடி. எடையோ சுமார் 32 கிலோதான்! அலுமினியக் குழாய், மெல்லிய மைலார் தாள், இழுத்துக் கட்ட எஃகுக் கம்பி. பலமுறை விழுந்து உடைந்தது. எளிய அமைப்பு என்பதால் சீக்கிரமே சரிசெய்து மறுபடி ஓட்டினார்கள். 1977 ஆகஸ்ட் 23-ல் கலிபோர்னியாவில் பிரையன் ஆலன் மிதித்து '8' போட்டார். 1979-ல் அவரே 'காசமர் ஆல்பட்ராஸ்' விமானத்தில் 2 மணி 49 நிமிடம் மிதித்து ஆங்கிலக் கால்வாயைத் தாண்டினார்.

அன்று இரவு கடையில் அரியரைச் சொல்லப் போனவன், இந்தக் கதையைத்தான் முதலில் சொன்னேன். வீல் கோட்டம் எடுத்துக்கொண்டே கேட்ட அப்பா, "அவ்ளோ பெரிய றெக்கை மடங்காம எப்படிப்பா நிக்கும்?" என்றார்.

"கம்பி இழுத்துப் பிடிக்கும்பா."

"அப்ப நம்ம போக்ஸ் கம்பி மாதிரி. மெலிசா இருந்தாலும் இழுப்பு தாங்கும்."

எனக்குச் சுருக்கென்றது. நான் பரீட்சையில் கோட்டைவிட்ட 'இழுவிசை' அப்பாவின் விரல் நுனியில் இருந்தது! அப்புறம்தான் அரியரைச் சொன்னேன்.

"மறுபடி எழுத விடுவாங்கல்ல?"

"விடுவாங்க."

"அப்புறம் என்ன? அந்தச் சாவியை எடு."

ஒரு பேப்பர் பாஸாகிவிட்டது. டிராயிங் இன்னும் பாக்கி. அரியர் வைத்திருக்கும் நண்பர்களே, ஏப்ரலில் ஹாலில் சந்திப்போம்!