மஸ்டர் ரோலில் பேர் இருக்கிறதா?

கண்ணு, வேலை கிடைத்த சேதி சொன்னதும் சம்பளம் எவ்வளவு என்று சொந்தபந்தம் அத்தனை பேரும் உன்னைக் கேட்டார்கள். பி.எப். பிடிப்பார்களா, ஆர்டரில் யார் பேர் போட்டிருக்கிறது என்று கேட்டது நான் ஒருவன்தான். “அப்புச்சி இன்னும் டைம் ஆபீஸை விட்டு வெளியே வரலை” என்று சிரித்தாய். சிரித்துக்கொள், ஆனால் காரணத்தையும் கேட்டுக்கொள். கொரோனா என்றால் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதாமலே பாஸ் ஆனது உனக்கு ஞாபகம் வரும். எனக்கு ஞாபகம் வருவது திருப்பூரும், அங்கே நான் டைம் ஆபீஸில் இருந்த பனியன் கம்பெனியின் மஸ்டர் ரோல் என்கிற வருகைப் பதிவேடும்தான்.

2020 மார்ச் 24 ஒரு செவ்வாய்க்கிழமை. ராத்திரி 8 மணிக்குப் பிரதமர் டிவியில் பேசினார். நாலு மணி நேரத்தில் நாடு பூட்டப்பட்டது. திருப்பூரில் சனிக்கிழமைதான் சம்பளம் போடுவார்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் என்று எங்கிருந்தோ வந்து லைன் வீட்டில் ஒரு ரூமுக்கு ஆறேழு பேராகத் தங்கியிருந்த பிள்ளைகள் கையில் முந்தின சனிக்கிழமை வாங்கியதில் என்ன மிஞ்சியிருக்கும்? ஊருக்கு அனுப்பியது போக, மளிகைக் கடை பாக்கி கொடுத்தது போக, சில நூறு ரூபாய். அந்த வாரம் செய்த வேலைக்குக் கூலி பாக்கி. அடுத்த சனிக்கிழமை கம்பெனி கேட்டே திறக்கவில்லை.

எங்கள் கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து ஓவர்லாக் அடித்த இரண்டு பேரைச் சொல்கிறேன். இரண்டு பேரும் ஒன்றரை ஷிப்ட் பார்த்தவர்கள், கை வேகமும் ஒன்றுதான். ஒருவன் பேர் மஸ்டர் ரோலில் இருந்தது. மற்றவன் காண்ட்ராக்டர் ஆள், வாரா வாரம் வவுச்சரில் கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்குவான். மார்ச் மாதம் முடிவதற்குள் அரசாங்கம் ஒரு சலுகை அறிவித்தது. மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும், அல்லது பி.எப். இருப்பில் 75 விழுக்காடு, இதில் எது குறைவோ அதைத் திருப்பிக் கட்டத் தேவையில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். முதல் ஆள் எடுத்தான், வீட்டு வாடகை கொடுத்தான், அரிசி வாங்கினான். இரண்டாவது ஆள் காண்ட்ராக்டருக்கு போன் போட்டுக்கொண்டே இருந்தான். சுவிட்ச் ஆஃப். மே மாதம் ரயில் விட்ட பிறகு ஊருக்குப் போனவன் திரும்பி வரவே இல்லை.

அடுத்த வருஷம் இரண்டாவது அலையில் உயிரே போனபோதும் இதே கதைதான். பி.எப். உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. இ.எஸ்.ஐ.யில் பதிவாகிச் சந்தா கட்டியிருந்தவர் கொரோனாவில் போனால், அவர் வாங்கிய சராசரிக் கூலியில் 90 விழுக்காட்டை மாதா மாதம் குடும்பத்துக்குக் கொடுக்கும் திட்டத்தையும் அப்போது கொண்டுவந்தார்கள். பேர் பதியாமல் உழைத்துச் செத்தவர்களின் வீட்டுக்கு இது எதுவும் கிடையாது. கொரோனா ஏழை பணக்காரன் பார்க்காது என்று அப்போது எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே வயிறு எரியும்.

ஊருக்கு நடந்து போன வழியில் எத்தனை புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் செத்தார்கள் என்று 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டார்கள். அப்படி ஒரு கணக்கு இல்லை என்று தொழிலாளர் அமைச்சகம் பதில் சொன்னது. வெளிமாநிலத் தொழிலாளர்களைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1979-லேயே சட்டம் போட்டாகிவிட்டது. நாற்பது வருஷமாக அதை யாரும் சரியாக நடத்தவில்லை. உயிரோடு இருந்தபோது எந்த ஏட்டிலும் இல்லாதவனைச் செத்த பிறகு எந்தக் கணக்கில் தேடுவது? அமைப்புசாராத் தொழிலாளர்களைப் பதிவு செய்ய இ-ஷ்ரம் தளம் திறந்தது 2021 ஆகஸ்டில்தான்.

பெருநோய் வந்தால் உழைப்பவன் கை ஓங்கும் என்று படித்தவர்கள் சிலர் இங்கிலாந்துக் கதையைச் சொல்வார்கள். அங்கே 1348-இல் கொள்ளைநோய் புகுந்து மூன்றில் ஒரு பங்கு மக்களுக்கும் மேல் வாரிக்கொண்டு போனது. நிலம் கிடந்தது, உழ ஆளில்லை, கூலி ஏறியது. உடனே ராஜாங்கம் 1349-இல் ஆணையும் 1351-இல் சட்டமும் போட்டு, நோய்க்கு முன்னால் இருந்த கூலிக்குத்தான் வேலை செய்ய வேண்டும் என்றது. அந்தச் சட்டத்தால் கூலியை நெடுநாள் அடக்கி வைக்க முடியவில்லை. 1381-இல் குடியானவர்கள் கிளர்ந்தே விட்டார்கள்.

நமக்கு நேர்ந்தது நேர் எதிர். ஆள் இருந்தார்கள், வேலை போய்விட்டது. 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை நாட்டின் உற்பத்தி ஏறக்குறைய 24 விழுக்காடு சரிந்தது. விவசாயம் மட்டும்தான் விழாமல் நின்றது. தறியையும் தையல் மெஷினையும் விட்டுப் போனவர்கள் மண்வெட்டி எடுத்தார்கள். நூறு நாள் வேலைக்கு ஒதுக்கியிருந்த 61,500 கோடி போதாமல் இன்னும் 40,000 கோடி சேர்க்க வேண்டி வந்தது. அந்த நேரத்தில் ஆள்கிறவர்கள் கை எங்கே போனது தெரியுமா? குஜராத் அரசு 12 மணி நேர வேலைக்கு அனுமதி கொடுத்து, கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் தர வேண்டியதில்லை என்றது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கர்நாடக அரசு கட்டடக் கம்பெனிக்காரர்களைச் சந்தித்த கையோடு, தொழிலாளர்களை ஊருக்கு அனுப்பும் ரயில்கள் வேண்டாம் என்றது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு மனசு மாறியது. அறுநூற்றெழுபது வருஷ இடைவெளி, ஆனாலும் நோய் வந்ததும் முதல் உத்தரவு பாய்ந்தது உழைக்கிறவன் மேல்தான். நல்ல மாற்றம் தானாக வரும் என்று காத்திருக்கிறவனைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

நல்லதும் நடக்காமல் இல்லை. 2020 அக்டோபரிலிருந்து வெளிமாநிலத்துக்காரரும் அவர்கள் ஊர் ரேஷன் கார்டை வைத்துத் தமிழ்நாட்டுக் கடையில் அரிசி வாங்கலாம். வாசலுக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கும் பையன்களைத் தொழிலாளர் என்று மத்தியச் சட்டம் எழுத்தில் ஒப்புக்கொண்டதும் அந்த வருஷம் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில்தான். நாடே வீட்டுக்குள் கிடந்தபோது வண்டி ஓட்டியது அந்தப் பிள்ளைகள். அவர்கள் வந்தால் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து அனுப்பு.

இப்போது உன் விஷயம். வீட்டிலிருந்தே வேலை என்கிறாய். உன் அம்மாவுக்குச் சந்தோஷம், எனக்கும்தான். ஆனால் ஆர்டரை இரண்டு தடவை வாசித்தேன். நீ வேலை செய்யப் போவது ஒரு கம்பெனிக்கு, கையெழுத்துப் போட்டிருப்பது ஏதோ ஏஜென்சி. லேப்டாப்பும் ஹெட்போனும் வந்துவிட்டதால் நீ வவுச்சர் ஆள் இல்லை என்று ஆகிவிடாது. சேர்ந்த மாதமே பி.எப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணைக் கேட்டு வாங்கு. வாரிசுதாரர் இடத்தில் அம்மா பேரைப் போடு. சம்பளச் சீட்டில் பிடித்த பணம் பாஸ்புக்கில் ஏறியிருக்கிறதா என்று மாதா மாதம் பார். ஏஜென்சிக்காரன் பி.எப். கட்டாமல் விட்டால் அதற்கு மூலக் கம்பெனியும் பொறுப்பு, சட்டத்தில் இருக்கிறது. அப்படி ஒரு மாதம் ஏறவில்லை என்றால் போனில் பேசிக்கொண்டிருக்காதே, எழுத்தில் கேள். உன்னோடு சேர்ந்த மற்ற பிள்ளைகளுக்கும் ஏறியிருக்கிறதா என்று விசாரித்து, அவர்கள் கையெழுத்தையும் சேர்த்து வாங்கி அனுப்பு. எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் என்னைக் கூப்பிடு, நான் எழுதித் தருகிறேன்.