ஓடாத மோட்டாருக்கு இரண்டு கிலோ பிரஷர்!

மதுக்கரைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் அந்த விவசாயிக்குக் கடைசி இரண்டு வரிசை மரங்கள்தான் கவலை. ஓலைகள் வாடித் தொங்கின, குரும்பை கொட்டியது. பொள்ளாச்சிப் பக்கம் மரங்களைச் சாய்த்த கேரள வாடல் நோய் தன் தோப்புக்கும் வந்துவிட்டது என்று நினைத்தார். மரம் வெட்ட ஆளும் சொல்லிவிட்டார்.

தண்ணீர் மீது அவருக்குச் சந்தேகமே வரவில்லை. போர்வெல் மோட்டாருக்குப் புதிதாக வி.எஃப்.டி. டிரைவ் பொருத்தியிருந்தார். சொட்டுநீர்க் குழாயில் உள்ள பிரஷரை சென்சார் சொல்ல, அதற்கேற்ப டிரைவ் மோட்டாரின் வேகத்தைக் கூட்டும், குறைக்கும். வைத்த அளவு இரண்டரை கிலோ. பேனலும் தினமும் இரண்டரைதான் காட்டியது. அது வந்தபிறகு பழைய முள் கேஜை அவர் திரும்பிப் பார்த்ததில்லை.

ஒருநாள் மோட்டாரை நிறுத்தி, ஃபில்டரைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். குழாயில் தண்ணீரே இல்லை. முள் கேஜ் பூஜ்யத்தில் நின்றது. பேனலோ இரண்டு கிலோ காட்டியது! உடனே எலக்ட்ரீசியனுக்குப் போன் போட்டார்.

“ஏனுங் தம்பி, மோட்டாரே ஓடல. ரெண்டு கிலோ பிரஷர் எங்கிருந்துங்க வருது?”

வந்து பார்த்தவர் கோளாறைக் கண்டுபிடித்தார். பூஜ்யத்திலிருந்து 10 கிலோ வரையிலான பிரஷரை, 4 முதல் 20 மில்லி ஆம்பியராக மாற்றி அனுப்பும் சென்சார் அது. டிரைவிலோ 0 முதல் 20 என்று செட் செய்திருந்தார்கள்.

“பால் சொசைட்டியில கேனோட எடை போட்டா, வெறுங்கேன் எடையைக் கழிப்பமல்லங்க? இந்த 4 வெறுங்கேன் மாதிரிங்க. அதையும் பாலுன்னு எண்ணிப் போட்டுதுங்க.”

கணக்கு இதுதான். ஒரு கிலோவுக்கு 1.6 மில்லி ஆம்பியர். இரண்டரை கிலோவுக்கு 4. அதோடு ஆரம்ப 4 சேர்ந்து 8 வர வேண்டும். தவறாக செட் செய்த டிரைவ், 5 வந்ததுமே இரண்டரை கிலோ ஆகிவிட்டது என்று மோட்டாரை மெதுவாக்கியது. குழாயில் உண்மையில் இருந்தது 0.6 கிலோதான். முன் வரிசை மரங்கள் குடித்தன. கடைசி வரிசைக்குத் தண்ணீர் எட்டவில்லை.

“பூஜ்யத்துலயே ஆரம்பிச்சா இந்த வம்பே இல்லையே தம்பி?”

“வயர் அறுந்தாலும் பூஜ்யம்தானுங்க வரும். 4 வந்தா பிரஷர் இல்லீங்க. பூஜ்யம் வந்தா வயரே இல்லீங்க.”

எலி வயரைக் கடித்தால், பிரஷர் இல்லை என்று நினைத்து டிரைவ் மோட்டாரை முழு வேகத்தில் ஓட்டிவிடும், குழாய் வெடிக்கலாம். அதனால், சிக்னல் 4-க்குக் கீழே போனால் மோட்டார் நிற்கும்படியும் செட் செய்து கொடுத்தார்.

மரம் வெட்ட வரவேண்டாம் என்று அன்றே சொல்லியனுப்பினார் விவசாயி. தண்ணீர் எட்டியது, சில மாதங்களில் புதுக்குருத்து பச்சையாக விரிந்தது.

டிரைவ் வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை பாருங்கள். மோட்டார் நின்று குழாய் காலியாக இருக்கும்போது, பேனல் பூஜ்யம் காட்ட வேண்டும். ஓடும்போது பேனலும் முள் கேஜும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்ட வேண்டும். புது பேனல் வந்துவிட்டது என்று முள் கேஜைக் கழற்றிவிடாதீர்கள்.