சித்தியிடம் யாராவது கேட்டீர்களா?

போடிமெட்டுப் பக்கம் ஏலக்காட்டில் வேலை பார்க்கும் என் சித்திக்குக் கன்னத்தின் உட்புறம் புற்றுக்கட்டி. தாடையெலும்பு வரை இறங்கிவிட்டது. வெற்றிலையோடு புகையிலையையும் அடக்கியே மலைக்குளிரைக் கழித்தவர். "கத்தி வச்சா பரவிடும்" என்கிறது சொந்தபந்தம். அது பொய். வாய்ப்புற்றுக்குப் பெரும்பாலும் முதல் வைத்தியமே ஆபரேஷன்தான். தேவைப்பட்டால் பிறகு கதிர்வீச்சு.

ஆபத்தும் உண்மைதான். தாடையை வெட்டிவிட்டு, காலெலும்பைச் சதையோடு எடுத்துப் பொருத்துவார்கள். அதில் ரத்தவோட்டம் நின்றால் மறுபடி தியேட்டர். மெல்லுவது, பேச்சு, முகம் எல்லாமே மாறலாம். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலோ திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மையத்திலோ இன்னொரு கருத்துக் கேட்பது நல்லது.

வீடே கூடிப் பேசியும் சித்தியை யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன்.

"பேச்சு கொளறுனா கொளறட்டும்டா. வலியில்லாம தூங்கணும். டாக்டர்ட்ட தேதி கேளு."

கேட்டாயிற்று. ரத்தம் கொடுக்க முடிந்தவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள்.