நுரை அடங்கும் வரை

முந்தைய நாள்தான் கராஜில் வேனின் பவர் ஸ்டியரிங் ஹோஸை மாற்றிப் புது ஒயில் ஊற்றித் தந்திருந்தார்கள். ஞாயிறு காலை அது முனகத் தொடங்கியது. ஸ்டியரிங்கைத் திருப்பும் போதெல்லாம் பசித்த கன்றுக்குட்டியின் குரல். வளைவில் ஒரு கணம் லேசாகச் சுற்றும். மறுகணம் கல்லாய்க் கனக்கும். மறுநாள் விடிந்தால் பதினான்கு பிள்ளைகள் அந்த வேனுக்காகக் காத்து நிற்பார்கள். நிவித்திகலைப் பாதையின் வளைவுகளோ நேராக ஓட விடுபவை அல்ல.

வாப்பா ஒயில் டப்பாவைத் திறந்து காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டிய ஒயில் வெளிறி நுரைத்திருந்தது.

"காத்து உள்ளுக்கு ஈக்கி மகள்."

பம்ப் ஒயிலை அழுத்தி அனுப்ப, அந்த அழுத்தமே சில்லுகளைத் திருப்ப உதவுகிறது. ஒயில் எளிதில் சுருங்காது, காற்று சுருங்கிவிடும். காற்றுக் கலந்தால் பம்பின் பலம் குமிழிகளை நசுக்குவதிலேயே போய்விடும். பம்பின் தேய்மானத்தைத் தடுப்பதும் அதே ஒயில்தான். நுரையோடு ஓட்டினால் பம்பும் போய்விடும்.

1926இல் பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் இந்த ஏற்பாட்டை ஒரு காரில் பொருத்திக் காட்டினார். வாப்பா முதலில் ஓட்டிய லொறிக்கு அது வந்து சேரவில்லை. அவருடைய வலது தோள் அதற்குச் சாட்சி. அதனால்தான் அன்று சாரதி ஆசனத்தில் நான் ஏற வேண்டி வந்தது.

பின் சில்லுகளுக்குக் கட்டை வைத்தார். முன்பக்கத்தை ஜக்கால் உயர்த்தி, தடித்த மரக்குற்றிகளில் பாரத்தை இறக்கினார். எஞ்ஜினைப் போடாமல் ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்புவது என் வேலை. டப்பாவில் குமிழி வருவதைப் பார்த்து, குறையக் குறைய ஒயில் ஊற்றுவது அவருடையது.

பத்து முறை ஒழுங்காகத் திருப்பினேன். பிறகு, சீக்கிரம் முடியட்டும் என்று வேகமாகச் சுற்றினேன். வாப்பா கையைத் தூக்கினார். டப்பா முழுக்க நுரை.

"மாணிக்க மண் கழுவுறவங்க கூடைய எப்படிச் சுத்துவாங்க? அப்படி."

அவர் ஏசவில்லை. அதுதான் எனக்கு அதிகம் சுட்டது. நுரை அடங்கட்டும் என்று அஸர் தொழப் போனார்.

திரும்பி வந்ததும் மீண்டும் தொடங்கினோம். மெதுவாக, எண்ணி எண்ணி. குமிழிகள் பெரிதாக வந்தன, சிறுத்தன, நின்றன. அதன் பிறகுதான் எஞ்ஜினைப் போடச் சொன்னார். கோடியில் பிடித்து வைக்காமல் சில முறை திருப்பிவிட்டு நிறுத்தினேன். வாப்பா டோர்ச் அடித்து ஒயில் மட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே காற்று மிச்சமிருந்தால், அழுத்தம் போனதும் குமிழிகள் விரிந்து மட்டத்தை ஏற்றிவிடும்.

ஏறவில்லை. "அல்ஹம்துலில்லாஹ்," என்றார்.

திங்கள் காலை முதல் வளைவுக்குச் சற்று முன் வாப்பா ரேடியோவை நிறுத்தினார். இருவரும் காதைத் தீட்டிக்கொண்டோம். பின்னால் பிள்ளைகளின் இரைச்சல் மட்டும்தான் கேட்டது.